திண்மை என்பது யாது?

தமிழில் சில சொற்கள் உலகப் பொருளையும் உள்ளத்துப் பண்பையும் ஒருங்கே சுட்டும் ஆற்றல் வாய்ந்தவை. திண்மை என்பது அவற்றுள் ஒன்று. சுவரைத் தட்டிப் பார்த்துத் 'திண்ணென்று இருக்கிறது' என்கின்றோம். ஐயமற்ற செய்தியைச் சொல்லுங்கால் 'இது திண்ணம்' என்கின்றோம். வலிய தோளைத் திண்தோள் என்பது புலவர் வழக்கு. எடுத்த செயலை முடிக்கும் மனவுறுதிக்குத் திருவள்ளுவர் 'வினைத்திட்பம்' என்று பெயரிட்டு, அதனைத் தம் நூலின் 67ஆம் அதிகாரமாக வைத்தார். சுவருக்கும் சொல்லுக்கும், தோளுக்கும் மனத்துக்கும் ஒரே வேர்ச்சொல் பொருந்துவது எவ்வாறு? இது வெறும் உவமைதானா? அல்லது இவற்றினிடையே உண்மையான ஒற்றுமை ஏதேனும் உண்டா?

சேக்கிழார் பெருமான் பாடிய கண்ணப்ப நாயனார் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த அம்மகவு, கையில் எடுத்தபோது மிகவும் கனமாக இருந்தது. அதனால் தந்தை அதற்குத் திண்ணன் என்று பெயரிட்டான். உடற்கனம் பற்றி வந்த பெயர் அது. பின்னர்க் காளத்தி மலையில், தன் ஒரு கண்ணைப் பெயர்த்து இறைவன் கண்ணில் அப்பியவன், மறு கண்ணையும் எடுக்க அம்பைத் தூக்கியபோது கை நடுங்காமல் நின்றது எதனால்? தோளின் வலிமையால் அன்று என்பது சொல்லாமலே விளங்கும். குழந்தையின் உடலைக் குறித்து வந்த பெயர், வளர்ந்தவனின் உள்ளத்தைக் குறிக்கும் பெயராக முதிர்ந்துவிட்டது. இவ்விரு திண்மைகளின் தொடர்பையே இக்கட்டுரையில் ஆராயக் கருதுகின்றேன். நிலம் அசையும் நாட்டில் வாழும் நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

வன்மையும் திண்மையும்

கல் திண்மையானது, தண்ணீர் அன்று என்பதே பொதுவான எண்ணம். ஆயின் ஆங்கில நாட்டுத் தத்துவ அறிஞர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றி 1690இல் வெளிவந்த தம் பெருநூலில், இதனை மறுத்து ஒரு நுட்பமான வேற்றுமையை எடுத்துக்காட்டினார். ஒரு பொருள் தான் இருக்கும் இடத்தில் பிறிதொன்று புகாதபடி தடுக்கும் தன்மையே திண்மை. அப்பொருளின் உருவத்தை எளிதில் மாற்ற முடியாமை வன்மை. இவ்விரண்டும் வேறு வேறு. வைரம் வன்மையானது, தண்ணீர் மென்மையானது. ஆயினும் தன் இடத்தைக் காப்பதில் தண்ணீர் வைரத்துக்குச் சிறிதும் இளைத்ததன்று என்பது அவர் கொள்கை. இதற்குச் சான்றாக, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் நடந்த சோதனை ஒன்றை அவர் குறிப்பிடுகின்றார். உள்ளீடற்ற பொன் உருண்டையில் தண்ணீரை நிரப்பி இறுக மூடி, திருகுப்பொறியில் வைத்து அழுத்தினர். மென்மையான தண்ணீர் சுருங்கி இடங்கொடுக்கவில்லை. வலிய பொன்னின் நுண்டுளைகளின் வழியே அது வெளியே கசிந்து பனித்துளிபோல் நின்றது!

இந்த வேற்றுமையைத் தமிழ் மக்கள் மனிதர்பால் என்றோ கண்டிருந்தனர். வன்சொல், வன்கண், வன்னெஞ்சு என்னும்போது நாம் பாராட்டுவதில்லை. திண்ணிய நெஞ்சு என்னும்போது பாராட்டுகின்றோம். வன்மை பிறரை நோகச் செய்யும். திண்மை தன்னிலையில் நிற்கும். கடுமையாகப் பேசுகின்றவர் எல்லாரும் உறுதியுடையவர் அல்லர். மெல்லப் பேசுகின்றவர் எல்லாரும் உறுதியற்றவரும் அல்லர். பொன்னைத் துளைத்து வெளிவந்த தண்ணீர்த் துளி இதற்குத் தக்க சான்று.

வெற்றிடத்தால் ஆன மேசை

இனி, விஞ்ஞானம் இத்திண்மையைப் பற்றி யாது கூறுகின்றது என்று பார்ப்போம். 1911இல் ரூதர்போர்டு என்னும் அறிஞர், அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அதன் நடுவேயுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியிருக்கின்றது என்று கண்டார். விரிந்த மைதானம் ஒன்றின் நடுவே கடுகு ஒன்றை வைத்தால், மைதானம் அணுவென்றும் கடுகு அதன் கருவென்றும் கொள்ளலாம். இடைப்பட்ட வெளியில் மிக நுண்ணிய எலெக்ட்ரான்களேயன்றி வேறொன்றும் இல்லை.

இதனைக் கொண்டு எடிங்டன் என்னும் வானநூல் அறிஞர் 1928இல் வெளியிட்ட நூலில் ஒரு வேடிக்கை செய்தார். தாம் இரண்டு மேசைகளின்முன் அமர்ந்து எழுதுவதாக அவர் கூறினார். ஒன்று, நாம் எல்லாரும் அறிந்த கனத்த மேசை. மற்றொன்று, விஞ்ஞானம் காட்டும் மேசை, அதாவது பெரும்பாலும் வெற்றிடம். அவ்வாறாயின் உலகில் திண்மை என்பதே பொய்யா? சூசன் ஸ்டெபிங் என்னும் பெண் அறிஞர் 1937இல் இதற்குத் தக்க மறுமொழி அளித்தார். 'திண்மையான' என்னும் சொல்லுக்குப் பொருளை நாம் கற்றதே மேசை, பலகை, பாறை முதலியவற்றைப் பார்த்துத்தான். அப்பொருள்களே திண்மையற்றவை என்றால் அச்சொல்லுக்குப் பொருள் ஏது? மேசை எதனால் ஆயது என்பது ஒரு கேள்வி. அது நம்மைத் தாங்குகின்றதா என்பது மற்றொரு கேள்வி.

சரி, வெற்றிடம் மிகுந்த மேசை நம் கையை ஏன் உள்ளே விடுவதில்லை? 1925இல் பௌலி என்னும் இளம் அறிஞர் கண்ட விதி இங்கே துணைபுரிகின்றது. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் ஒருங்கே இருத்தல் இயலாது என்பது அவ்விதி. ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய நிலை உண்டு. மற்றொன்றை அது அங்கே ஏற்பதில்லை. 1967இல் டைசன், லெனார்டு என்னும் இருவர், இவ்விதி இல்லையேல் உலகப் பொருள்கள் நிலைத்து நில்லா என்று கணித முறையில் நிறுவினர். ஆகவே திண்மை என்பது உள்ளே எவ்வளவு அடைத்திருக்கின்றது என்பதைப் பொறுத்ததன்று. உள்ளவை தம்தம் நிலையில் எவ்வாறு நிற்கின்றன, எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு நம் தீவுக்கு வருவோம்.

அசைந்த நிலம்

மனிதன் திண்மைக்கு முதல் உவமையாகக் கொள்வது நிலத்தை. அகழ்வாரைத் தாங்கும் நிலமே பொறுமைக்கும் உறுதிக்கும் எடுத்துக்காட்டு. ஆனால் அந்தமானில் நிலமும் அசையும். இந்திய நிலத்தட்டு இத்தீவுகளின் மேற்கே கடலடியில் கீழ்நோக்கிச் சரிந்து செல்கின்றது. அவ்விடத்தில் பல நூற்றாண்டுகளாகச் சேரும் நெருக்கம் சில நிமிடங்களில் விடுபடுகின்றது. 1941 ஜூன் 26ஆம் நாள் பெரிய நிலநடுக்கம் ஒன்று அந்தமானைக் குலுக்கியது. 2002 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் திக்லிபூர்ப் பக்கத்தில் 6.5 அளவில் ஒன்று நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நடந்ததை நான் விளக்க வேண்டுவதில்லை. சுமத்திராவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பாறை பிளந்து நகர்ந்தது.

அன்று நிகழ்ந்தவற்றுள் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. நிக்கோபாரின் தென்கோடியிலுள்ள இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. நம் மாயாபந்தருக்கு மேற்கேயுள்ள இன்டர்வியூ தீவின் கடற்கரையோ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளப் பாறைகள் நீர்மேல் எழுந்து வெயிலில் உலர்ந்து மாண்டன. ஒரே நாளில் ஒரு நிலம் மூழ்கியது, மற்றொரு நிலம் எழுந்தது. 'தரைபோல் உறுதி' என்னும் வழக்கை நம் தீவில் இனி எவ்வாறு கூறுவது?

நின்ற தூணும் நழுவிய தளமும்

நடு அந்தமானையும் வட அந்தமானையும் பிரிக்கும் ஆஸ்டின் கழியின்மேல் அமைந்த செங்கப்பா பாலத்தை நாம் அறிவோம். ஏறத்தாழ 270 மீட்டர் நீளமுடையது. 2004 நிலநடுக்கம் வந்தபோது அது கட்டப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்று அதன் தூண்கள் நின்றன. ஆனால் நடுப்பகுதியில் மேற்றளம் தனக்குரிய தாங்கிகளினின்று நழுவிப் பக்கவாட்டில் விலகிவிட்டது. தூணும் வலிது, தளமும் வலிது. ஒன்றை மற்றொன்றோடு பிணைத்து நிறுத்தும் ஏற்பாடு போதவில்லை. பாலத்தின் திண்மை அங்கேதான் குன்றியது.

இதனைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது பாம்பன் பாலம். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன் ஆதலின், அப்பாலத்தின் வரலாறு எங்களிடையே அடிக்கடி பேசப்படுவதுண்டு. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலம், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் சிதைந்தது. 145 கண்களில் 126 கண்களின் உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. தூண்கள் நின்றன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுக்கண்ணும் நின்றது. அப்போது இளம் பொறியாளராக இருந்த திரு. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, கடலில் கிடந்த உத்தரங்களைத் தேடி எடுத்து மீண்டும் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தை நிமிர்த்தினார். தூண்கள் நின்றமையால் அன்றோ அது இயன்றது! ஒரு குடும்பத்திலும் ஒரு சமுதாயத்திலும் இவ்வாறே. பேரிடரில் மேற்பகுதி எல்லாம் போகலாம். அடியில் நிற்பவர் சிலர் நின்றால் மீட்பு உண்டு. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் முதல் அதனருகே புதிய பாலம் ஒன்று பயன்பாட்டில் உள்ளது.

இருப்புப்பாதையிலேயே மற்றும் ஒரு பாடம் இருக்கின்றது. நம் தீவுகளில் இரயில் இல்லை. எனினும் தாய்நிலம் சென்று வந்தோர் தண்டவாளத்தின் அடியில் சரளைக் கற்கள் குவிந்திருப்பதைப் பார்த்திருப்பர். ஆயிரக்கணக்கான டன் எடையுடைய சரக்கு வண்டிகளைத் தாங்கும் பாதையின் கீழே, சாந்து பூசாத, ஒட்டப்படாத, கையால் அள்ளக்கூடிய கற்கள்! ஏன் இவ்வாறு? ஆற்றங்கரைக் கூழாங்கல்லை அங்கே இடுவதில்லை. அது உருண்டையானது, ஆதலின் நழுவும். உடைத்த கருங்கல்லின் கூரிய முனைகள் ஒன்றோடொன்று கவ்வி நிற்கின்றன. வண்டியின் அதிர்ச்சியைத் தம்மிடையே பகிர்ந்து கொள்கின்றன. மழைநீரை வடியவிடுகின்றன. பாதை சற்றே தாழ்ந்தால் மீண்டும் இடித்து நிரப்பிச் சரிசெய்ய இடந்தருகின்றன.

தண்டவாளமும் அவ்வாறே. எஃகு வெயிலில் நீளும். பழைய பாதைகளில் இணைப்புதோறும் சிறு இடைவெளி விட்டு வைத்தனர். இக்காலத்தில் நெடுந்தூரம் ஒன்றாகப் பற்றவைக்கின்றனர். அங்கே நீட்சியை அடக்கி நிற்பவை, குறுக்குக் கட்டைகளின் பிடிப்பும் சரளையின் கவ்வலுமேயாம். பிடிப்புத் தளர்ந்தால், அத்தனை வலிய எஃகும் கோடை வெயிலில் பாம்புபோல் வளைந்துவிடும்.

காட்டின் சான்று

நம் காடுகளும் இதனையே கூறுகின்றன. அந்தமானின் மரம் என்று பெயர்பெற்ற படாக்கைப் பாருங்கள். அதன் அடியில் பலகைபோல் விரிந்த புடைவேர்கள், ஆழமில்லாத மண்ணிலும் நெடிய மரத்தைத் தாங்குகின்றன. கழிமுகச் சேற்றில் நிற்கும் சுரபுன்னையோ இன்னும் வியப்பானது. கால் வைத்தால் முழங்கால்வரை புதையும் சேற்றில், நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீரில், பல கால்களை ஊன்றி அது நிற்கின்றது. உறுதியான தரை கிடைக்கட்டும், பிறகு வேரூன்றுவேன் என்று அது காத்திருப்பதில்லை. தன் வேர்களால் சேற்றையே பிடித்து நிறுத்துகின்றது.

வீடு கட்டுவோர் கவனிக்க

இங்கே நடைமுறைச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. நம்மவர் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுகின்றனர். மரவீடு ஏழைமையின் அடையாளம் என்றும், சிமெண்டு வீடே திண்ணிய வீடு என்றும் எண்ணம் பரவியுள்ளது. ஆனால் 2002இலும் 2004இலும் இத்தீவுகளைப் பார்வையிட்ட பொறியியல் அறிஞர்கள் கண்டது வேறு. நன்கு பிணைத்த மரவீடுகள் நிலநடுக்கத்தைப் பெரும்பாலும் தாங்கின. முறைப்படி கட்டாத கான்கிரீட்டுக் கட்டடங்களே பெரிதும் சிதைந்தன. காரணம் எளிது. நிலம் ஆடும்போது கட்டடத்தின் எடை எவ்வளவோ அவ்வளவு விசை அதன்மேல் பாயும். மரவீடு எடை குறைந்தது, சற்றே வளைந்துகொடுப்பது. கனத்த கட்டடத்தில் தூணும் விட்டமும் சேருமிடம் தளர்ந்திருந்தால் அக்கனமே பகையாகும்.

கடற்கரை மணலை வாரிச் சாந்து கலப்பதும் பெருந்தீங்கு. அதிலுள்ள உப்பு உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருத்துச் சுவரைப் பிளக்கும். வெளியே வெள்ளையடித்த சுவர் மின்னும். உள்ளே அதனைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். கான்கிரீட்டு வீடு கட்டலாகாது என்பது என் கருத்தன்று. நல்ல மணல் வேண்டும். தூணும் விட்டமும் சேருமிடத்தில் கம்பிவளையங்களை நெருக்கமாக இட வேண்டும். அறிந்த பொறியாளரின் மேற்பார்வை வேண்டும். சுவரின் பருமனுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையேனும் பிணைப்புக்குச் செலவிடுதல் அறிவுடைமை. இந்நாட்டில் நிலநடுக்க ஆபத்து மிகுந்த பகுதிகளுள் நம் தீவுகளும் சேர்ந்தவை என்பதை மறத்தலாகாது.

உள்ளத்தின் திண்மை

இனி உள்ளத்துக்கு வருவோம். வள்ளுவர் வினைத்திட்பத்துக்கு முன்னர் வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தை வைத்தார். இம்முறைவைப்பு கருதத்தக்கது. தூய்மையற்ற செயலில் உறுதி காட்டுதல் பிடிவாதமேயன்றித் திட்பம் ஆகாது. கடல்மணல் கலந்த சுவருக்கு அது ஒப்பாகும். முதலில் உள்ளிருக்கும் பொருள் நல்லதாக வேண்டும். பின்னரே உறுதிக்கு மதிப்பு.

இத்தீவுகளின் வரலாற்றில் அத்தகைய உறுதிக்குச் சான்று உண்டு. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்தமானைக் கைக்கொண்டது. அக்காலத்தில் போர்ட் பிளேரில் மருத்துவராகவும் பஞ்சாபிக் கவிஞராகவும் விளங்கியவர் டாக்டர் திவான் சிங். ஒற்றர் என்று பொய்க்குற்றம் சாட்டி 1943இல் அவரைச் சிற்றறைச் சிறையில் அடைத்துப் பல நாள் வதைத்தனர். செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று அவர் ஒப்பவில்லை. 1944 ஜனவரி 14ஆம் நாள் அச்சிறையிலேயே உயிர்நீத்தார். உடல் நொறுங்கியது, சொல் நொறுங்கவில்லை. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த அம்மென்மையான கைகளுக்குரியவர் வன்மையால் வாழ்ந்தவர் அல்லர். திண்மை வேறு, வன்மை வேறு என்பதற்கு இதனினும் மேலான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நம் இனத்தாருக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பார்ப்போம். 1964இல் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுள் சில, 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்ட வேலையில் அமர்த்தப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மண் அவர்களுக்கு உரிமையாகவில்லை. புதிதாக வந்த மண்ணையும் 2004இல் கடல் வந்து மோதியது. இத்தகையோருக்கு நிலத்தைச் சுட்டி 'இதுவே உன் திண்மை' என்று எவர் சொல்ல இயலும்? மாயாபந்தரை அடுத்த வெபி சிற்றூரில் 1925 முதல் வாழும் கரேன் மக்களும் பர்மாவிலிருந்து வந்தவர்களே. கிழக்கு வங்கத்தினின்று வந்தோரும் வீட்டையும் வயலையும் விட்டு வந்தவர்களே. பெயர்ந்து வந்த பலரும் கூடி வாழும் ஊர் நம்முடையது. தனித்தனியே பார்த்தால் சரளைக் கற்கள். ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் பாதை!

ஆகவே நம் குடும்பங்களில் எதனைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதில் இடைவெளி விட வேண்டும் என்பதே வினா. பிறந்த ஊர் வழக்கம் ஒவ்வொன்றையும் இம்மியும் மாறாமல் இங்கே காப்பேன் என்று நிற்கும் தந்தையை நாம் கண்டிருக்கின்றோம். மகன் இந்தியிலே பேசினால் சினம், மகள் பிறமொழித் தோழியரோடு விழாவுக்குச் சென்றால் சினம். அவர் திண்மை என்று கருதுவது வன்மையே. இடைவெளி விடாத தண்டவாளம் வெயிலில் வளைந்தே தீரும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மொழியும் வேண்டா, உறவும் வேண்டா என்று உருண்டோடும் கூழாங்கல்லும் நமக்கு வழிகாட்டி ஆகாது. உடை மாறலாம், உணவு மாறலாம், தொழில் மாறலாம். வீட்டில் ஒரு வேளையேனும் தமிழ் பேசுதல், கொடுத்த வாக்கைக் காத்தல், முதியோரைக் கைவிடாமை, அண்டைவீட்டார் எம்மொழியினராயினும் இடர்வேளையில் முதலில் சென்று நிற்றல் என்பன மாறலாகா. தூண்கள் இவை. மற்றவை உத்தரங்கள். உத்தரம் வீழ்ந்தால் எடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

சங்கம் என்பதற்கும் இதுவே பொருள். உறுப்பினர் தொகையாலும் கட்டடத்தின் உயரத்தாலும் ஒரு சங்கம் திண்மை பெறுவதில்லை. சந்தாவை உரிய காலத்தில் செலுத்துதல், கணக்கை ஒளிவின்றிக் காட்டுதல், கருத்து வேறுபட்டபோதும் கூட்டத்தை விட்டு நீங்காமை ஆகிய சிறிய பிணைப்புகளால் பெறுகின்றது. நிலம் அமைதியாக இருக்கும் நாட்களில் இப்பிணைப்புகளின் அருமை தோன்றாது. அது மீண்டும் ஒருநாள் அசையும் என்பதில் ஐயமில்லை. அன்று நம்மைத் தாங்குவது, இன்று நாம் ஒருவரோடொருவர் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கின்றோம் என்பதே. அப்பிணைப்பைப் பேணுதல் நம் ஒவ்வொருவர் கடனாகும். இது திண்ணம்.